கடையில் பாட்டு போட லைசென்ஸ் வேண்டுமா? புதுச்சேரி, கடலூர் சிறு வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. டிபன் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் கடைக்குள் வந்தார். காபி கேட்டார், குடித்தார், காசும் கொடுத்தார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தப் பாட்டுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கீங்களா?" என்றார்.

எனக்குத் தெரிந்த லைசென்ஸ் இரண்டுதான்: நகராட்சி டிரேட் லைசென்ஸ், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ். அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஜெயில், அபராதம் என்று அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். புதுச்சேரியில் 24 பேர் உட்காரும் கடை என்னுடையது. வம்பு எதற்கு என்று கட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் சான்றிதழோடு வந்த பட்டியலை எடுத்துப் படித்தேன். அதிலிருந்ததில் முக்கால்வாசி இந்திப் படப் பாட்டு. என் கடையில் ஒரு நாள்கூட இந்திப் பாட்டு ஓடியதில்லை.

அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த உரிமை நிஜமாகவே இருந்திருக்கலாம். எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அவ்வளவுதான். என்ன பாட்டு, எந்த வடிவில், யார் முன்னால் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியது என் தப்பு. அந்த மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

நிலம் ஒருவர் பேரில் இருக்கும், அதில் நிற்கும் தென்னை இன்னொருவர் பேரில் இருக்கும். கிராமத்தில் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம்தான். பாட்டும் அப்படியே. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் ஒரு சொத்து, மெட்டு ஒரு சொத்து, ஸ்டூடியோவில் பதிவான அந்த ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கலைஞர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு.

இதைப் பாரதியாரை வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். அவர் 1908 முதல் 1918 வரை நம்ம ஊரில் இருந்தவர், 1921-ல் மறைந்தவர். அவர் வரிகளை யாரும் பாடலாம், யாருக்கும் காசு கிடையாது. ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னாளில் ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு அந்த இசையமைப்பாளருடையது. அதைப் பதிவு செய்து வெளியிட்ட கம்பெனிக்கு அந்தப் பதிவு சொந்தம். "பாரதி பாட்டுதானே சார்" என்று சொல்லி அந்தப் பதிவைக் கடையில் ஓடவிட முடியாது.

கால அளவும் சொத்துக்குச் சொத்து மாறும். வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவர் அல்லது இசையமைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வந்த இசைத்தட்டு என்றால் 2020 டிசம்பர் 31-உடன் ஒலிப்பதிவு உரிமை முடிந்தது. ஆனால் மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதனுடையது என்றால், அவர் 2015-ல் மறைந்ததால் 2075 முடியும்வரை மெட்டுக்கு உரிமை நிற்கும். கண்ணதாசன் வரிகளுக்கு 2041 முடியும்வரை. "பழைய பாட்டு, எல்லாம் ஃப்ரீ" என்று டீக்கடையில் பேசிக்கொள்வது பாதி உண்மை.

இன்னொரு தப்பான நம்பிக்கை, செயலிக்கு மாதா மாதம் சந்தா கட்டுவது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் பிரீமியம் இரண்டின் நிபந்தனைகளிலும் அது சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத்துக்கு அல்ல என்றுதான் எழுதியிருக்கிறது. விளம்பரம் வராமல் இருக்கத்தான் அந்தக் காசு. 24 பேருக்குக் கேட்க வைக்க அல்ல. பென் டிரைவும் ஒரிஜினல் சிடியும் அதே கதைதான். எஃப்.எம். ரேடியோ நிலையம் தன் ஒலிபரப்புக்குக் கட்டுகிறது. அதைக் கடையில் ஸ்பீக்கரில் போட்டு வாடிக்கையாளருக்குக் கேட்க வைப்பது வேறு காரியம் என்றே உரிமைக்காரர்கள் பார்க்கிறார்கள்.

இரண்டாம் படி: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தாண்டினேன்.

40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கல்லாப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் கடையில் ஓடும் பாட்டை எழுதுங்கள்: படம் அல்லது ஆல்பம், இசையமைப்பாளர், வெளியிட்ட கம்பெனி. கம்பெனி பெயரைத் தேடி அலைய வேண்டாம். செயலியில் பாட்டின் விவரத்தைத் திறந்தால் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். என் நோட்டில் முதல் நாள் காலை 7 மணிக்கு சுப்ரபாதமும் கந்த சஷ்டி கவசமும். 8 முதல் 11 வரை எண்பதுகளின் சினிமாப் பாட்டு. மாலையில் என் மகன் கல்லாவில் உட்கார்ந்தால் புதுப் படப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று அவனே இரண்டு பிரெஞ்சுப் பாட்டு சேர்த்திருந்தான்.

பிரெஞ்சுப் பாட்டு வெளிநாட்டுச் சரக்கு, இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். சர்வதேச ஒப்பந்தங்கள் வழியாக அவற்றுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. உரிமைக்காரர்கள் சார்பில் காசு வசூலிக்கும் நம் நாட்டுச் சங்கங்களும் வெளிநாட்டுச் சங்கங்களும் ஒருவர் சார்பில் ஒருவர் வசூலிக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. ஒயிட் டவுனில் ஓட்டல் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய தமிழ்ப் பாட்டில் பெரும்பகுதி எச்.எம்.வி. இசைத்தட்டுகளாக வந்தவை. அந்தக் கம்பெனிதான் இன்றைய சரிகம. நோட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். எனக்கு ஏழு நாளில் வந்தது மொத்தம் ஐந்து கம்பெனிப் பெயர். நான் முதலில் பணம் கட்டிய இடத்தின் பட்டியலில் அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் படி: உங்களுக்கு விலக்கு உண்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மச்சான் ஒரு மினி ஹால் வைத்திருக்கிறார். நான் காசு கட்டியதைக் கேட்டதும், "மாப்ள, அப்ப என் ஹால்ல கல்யாணத்துக்குப் பாட்டு போட்டா நானும் கட்டணுமா?" என்று போன் போட்டார். வேண்டாம். சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 1-ஆம் உட்பிரிவில் 'இசட் ஏ' என்ற கூறு இருக்கிறது. உண்மையான மதச் சடங்கிலும் அரசு விழாவிலும் பாட்டைப் பாடினாலோ ஒலிபரப்பினாலோ உரிமை மீறல் ஆகாது என்கிறது அது. அதன் விளக்கக் குறிப்பு, மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்ற கொண்டாட்டங்களும் அடங்கும் என்கிறது. இருந்தும் மண்டபங்களில் வசூல் நடக்கிறது என்று புகார்கள் போயின. 2023 ஜூலை 24-இல் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டு, இந்தப் பிரிவுக்கு எதிராக நடக்கக் கூடாது என்று பதிப்புரிமைச் சங்கங்களுக்குச் சொன்னது. அந்த அறிவிப்பை அச்சடித்து மச்சானின் ஹால் அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம்.

ஆனால் மச்சானின் ஹாலில் கல்யாணம் மட்டுமா நடக்கிறது? பிறந்தநாள் பார்ட்டி, சிட்ஃபண்ட் கம்பெனி ஆண்டு விழா, டிசம்பர் 31 ராத்திரி. இவை எதுவும் அந்த விளக்கக் குறிப்புக்குள் வராது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு போன்றவை சடங்கு என்ற வாதத்துக்கு இடம் உண்டு. அதே பெயரில் டி.ஜே. வைத்து டிக்கெட் போட்டால் அந்த வாதம் நிற்காது. ஹால் டைரியில் ஒவ்வொரு புக்கிங்குக்கும் எதிரே என்ன நிகழ்ச்சி என்று எழுதி, பத்திரிகை ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் என்பதற்கு அழைப்பிதழைவிட நல்ல சாட்சி வேறென்ன?

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரி என்றால் அது மதச் சடங்கு. பந்தலில் பாட்டு போடலாம். அதே கடற்கரையில் டிக்கெட் வைத்து நடத்தும் இசை நிகழ்ச்சி சடங்கு ஆகாது.

மற்ற விலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்புவாசிகளின் பொதுக்கூடத்தில் அவர்களுக்காகவே பதிவுப் பாட்டு போடலாம். ஓட்டல், லாட்ஜுக்கு இது பொருந்தாது. லாபநோக்கில்லாத மன்றம் தன் நடவடிக்கையின் பகுதியாகப் போடலாம். அமெச்சூர் குழு, காசு வாங்காத கூட்டத்தின் முன் பாடலாம். டீக்கடை, சலூன், ஜிம், ஜவுளிக்கடை, பஸ் எதற்கும் சின்ன இடம் என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. கட்டணம் குறையலாம், அவ்வளவுதான்.

நான்காம் படி: யாரிடம் போவது?

இங்கேதான் தலை சுற்றும். பொறுமையாகப் படியுங்கள்.

ஐ.பி.ஆர்.எஸ். என்கிற இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி 1969-ல் தொடங்கியது. இசையமைப்பாளர், பாடலாசிரியர், இசைப் பதிப்பாளர்கள் சார்பில், அதாவது மெட்டுக்கும் வரிக்கும், வசூலிக்கிறது. 2017 நவம்பரில் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவானது. ஒலிப்பதிவுக்கு ஆர்.எம்.பி.எல்., அதாவது ரெக்கார்டட் மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் லிமிடெட், 2021-ல் சங்கமாகப் பதிவானது. பாடகர்கள், வாசிப்பவர்களின் உரிமைக்கு இஸ்ரா என்று தொடங்கி இஸாம்ரா எனப் பெயர் மாறிய சங்கம் இருக்கிறது.

இவை தவிர 1941-ல் தொடங்கிய பி.பி.எல்., அதாவது ஃபோனோகிராஃபிக் பெர்ஃபார்மன்ஸ் லிமிடெட், அப்புறம் நோவெக்ஸ் என்ற கம்பெனி. இரண்டும் ஒலிப்பதிவு உரிமைக்கு வசூலிப்பவை. பதிவு பெற்ற சங்கமாக அல்லாமல், கம்பெனிகளிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிய சொந்தக்காரர் என்ற நிலையில் லைசென்ஸ் கொடுக்கின்றன. அப்படிக் கொடுக்கலாமா என்பதுதான் நீதிமன்றங்களில் ஓடும் சண்டை.

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசமாக இருந்தாலும், கடலூரைப் போலவே சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. 2021 டிசம்பரில் டி.எக்ஸ்.சி. டெக்னாலஜி என்ற கம்பெனி மீது நோவெக்ஸ் போட்ட வழக்கில் அங்கே தனி நீதிபதி, லைசென்ஸ் கொடுப்பதைத் தொழிலாக நடத்தப் பதிவு பெற்ற சங்கத்தால்தான் முடியும் என்றார். 2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கு நேர் எதிராகச் சொன்னது: எழுதி வாங்கியவர் சொந்தக்காரர், அவர் லைசென்ஸ் கொடுக்கலாம். 2025 ஏப்ரலில் டெல்லியில் ஓர் உணவக நிறுவனத்துக்கும் பி.பி.எல்.-க்கும் நடந்த மேல்முறையீட்டில், இரு நீதிபதிகள் அமர்வு சென்னையின் வழியில் போய், ஆர்.எம்.பி.எல். கட்டண விகிதப்படி செலுத்தச் சொன்னது. ஒரு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது.

சரி, இதில் நமக்கு என்ன? சிலர் இதைக் கேட்டதும் "அப்ப அவனுக்குக் கட்ட வேண்டாம்" என்று நோட்டீஸைக் குப்பையில் போடுகிறார்கள். வாங்க வந்தவருக்குத் தகுதி இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பாட்டு இலவசம் ஆகிவிடாது. கம்பெனி தன் பாட்டுக்கு நேரடியாக வழக்குப் போடலாம். எந்தச் சங்கம் பதிவில் இருக்கிறது என்பதைப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பாருங்கள். பதிவு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது; ஆகவே பழைய சான்றிதழ் நகலை மட்டும் நம்பாதீர்கள்.

பொதுவாக, கடையில் பதிவுப் பாட்டு ஓட்டினால் இரண்டு கதவைத் தட்ட வேண்டியிருக்கும்: மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. நேரில் பாடினால் முதல் கதவு மட்டும். நான் இப்போது முதல் கதவுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறேன். ஒலிப்பதிவுக்கு, நோட்டில் வந்த ஐந்து கம்பெனிகளும் எந்த எந்தக் கூடையில், அதாவது லைசென்ஸ் கொடுப்பவர்களில் யார் யாருடைய பட்டியலில், இருக்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்தேன். கூடையில் அகப்படாத ஒரு கம்பெனியின் பாட்டுகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் படி: ஆள் வந்தால், நோட்டீஸ் வந்தால்

அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். யார் வந்தாலும் சரி. மரியாதையாக உட்காரவைத்து, ஐந்து விஷயம் எழுத்தில் கேளுங்கள்: நீங்கள் பதிவு பெற்ற சங்கமா, இல்லையென்றால் எழுதி வாங்கிய பத்திரத்தின் நகல் எங்கே; எந்த உரிமைக்கு, மெட்டா ஒலிப்பதிவா; உங்கள் பாட்டுப் பட்டியல் எங்கே; என் கடையில் என்றைக்கு, எந்தப் பாட்டைக் கேட்டீர்கள்; கட்டண விகிதப் பட்டியல் எங்கே. பதிவு பெற்ற சங்கம் கட்டண விகிதத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 33-ஏ பிரிவு சொல்கிறது. தனிநபர் எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எண் போட்ட பில், இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது.

வெறும் மிரட்டல் நோட்டீஸாக வந்துகொண்டே இருந்தால் 60-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீங்களே நீதிமன்றம் போய், மீறல் இல்லை என்று அறிவிக்கக் கேட்கலாம். நோட்டீஸ் அனுப்பியவரே உரிய கவனத்தோடு மீறல் வழக்கைத் தொடங்கி நடத்தினால் இது பொருந்தாது.

பயப்பட வேண்டியது எதற்கு என்பதையும் சொல்லவேண்டும். தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீறல் நடக்கிறது என்று தெரிந்தும், லாபத்துக்காக இடத்தை விட்டால் இடத்துக்காரரும் மாட்டுவார். "பாட்டு போட்டது டி.ஜே. பையன், நான் வாடகைதான் வாங்கினேன்" என்று மச்சான் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆகவே அவர் வாடகை ரசீதின் பின்பக்கம் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இசை லைசென்ஸ் நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு, நகலை இரண்டு நாள் முன்னால் ஹாலில் கொடுக்க வேண்டும். வெறும் வரியால் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. நகலை நிஜமாகவே கேட்டு வாங்க வேண்டும்.

ஆறாம் படி: விண்ணப்பம்

இது சுலபமான பகுதி. சங்கங்களின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடையின் பெயர், முகவரி, பான், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது, இருக்கை எண்ணிக்கை அல்லது சதுர அடி, என்ன மாதிரி இடம் என்பவை போதும். கட்டணம் இடத்தின் வகையையும் அளவையும் பொறுத்தது. நிகழ்ச்சி என்றால் கூட்டமும் டிக்கெட்டும் கணக்கில் வரும். வரி தனி. பாட்டு கேட்கிற பகுதியின் அளவை மட்டும் போடுங்கள். நான் முதல் தடவை சமையலறை, ஸ்டோர் ரூம் எல்லாம் சேர்த்து மொத்தப் பரப்பை எழுதி, அப்புறம் திருத்தச் சொல்லி மெயில் போட வேண்டியதாயிற்று. வெறும் பின்னணி இசை என்றால் அப்படியே எழுதுங்கள், டி.ஜே., டான்ஸ் என்று டிக் அடித்துவிட்டால் வேறு விகிதத்துக்குப் போய்விடும்.

நேரில் பாடும் நிகழ்ச்சி

ஜூன் 21-இல் ஃபெத் த லா மியூசிக் என்ற பிரெஞ்சு இசை விழாவுக்காகத் தெருவெல்லாம் பாட்டாக இருக்கும் நாளில், என் கடை வாசலிலும் ஒரு கிடார் பையனை உட்காரவைத்தேன். அவன் பாடியது பூராவும் சொந்தப் பாட்டு. அப்போது லைசென்ஸ் அவன் கொடுப்பதுதான். அரைத் தாளில் எழுதி வாங்கினேன்: இன்ன தேதி, இன்ன இடம், இந்தப் பாட்டுகள் என் சொந்தப் படைப்பு, பாட சம்மதம், பெற்ற தொகை இவ்வளவு. எந்தச் சங்கத்திலும் இவற்றின் உரிமையை ஒப்படைக்கவில்லை என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். ஒப்படைத்திருந்தால் அவன் சம்மதம் மட்டும் போதாது.

சினிமாப் பாட்டு பாடினால் பாடகர் யாராக இருந்தாலும் மெட்டுக்கு அனுமதி வேண்டும். 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே நோட்டீஸ் போனதை எல்லோரும் படித்திருப்பீர்கள். கரோக்கி டிராக் வைத்துப் பாடினால் அந்த டிராக்கும் யாரோ ஒருவரின் ஒலிப்பதிவு என்பதை மறக்க வேண்டாம். நாதஸ்வரத்தில் தியாகராஜர் கீர்த்தனை வாசித்தால் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அவர் 1847-லேயே மறைந்துவிட்டார். அதே கீர்த்தனையை ஒரு வித்வானின் ரெக்கார்டில் போட்டால் கணக்கு வேறு.

இதெல்லாம் பாட்டின் சொந்தக்காரருக்கு மட்டும். சத்தத்துக்குத் தனி விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் போடக்கூடாது. வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55; குடியிருப்புப் பகுதியில் 55, 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். போலீஸ் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது என்பதால் இசை லைசென்ஸ் வந்துவிட்டது என்று ஆகாது. மச்சான் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 31 பார்ட்டி வைப்பவர்கள் நவம்பர் இறுதிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். புத்தாண்டுக்கு முன்னால்தான் உரிமைக்காரர்கள் நீதிமன்றம் போய் ஓட்டல்களுக்குத் தடை உத்தரவு வாங்குவது வழக்கம். டிக்கெட் விற்ற பின் தடை வந்தால் தவில், நாதஸ்வரம் வைத்துத்தான் புத்தாண்டைக் கொண்டாட வேண்டியிருக்கும்.